உலக்கைப் பிடி

எங்கள் கோல்ஃப் மைதானத்தின் கடைசிக் குழிக்குப் போகும் வழியில் இடப்பக்கம் ஒரு குளம் இருக்கிறது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் மழை பொய்த்த வருடங்களில்கூட அது வற்றியதில்லை. அதில் என்னோடு வேலை செய்யும் ராம்பை அக்காவின் கண்ணீர் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எனக்குத்தான் தெரியும்.

கோல்ஃப் ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைச் சுமக்கிற பெண்கள் நாங்கள். வருடத்தில் ஒரு திங்கட்கிழமை மட்டும் மைதானம் எங்களுடையது. அன்று நாங்கள் ஆடுவோம், பெரிய மனிதர்கள் நின்று பார்ப்பார்கள். குறைந்த அடிகளில் எல்லாக் குழிகளையும் முடிக்கிறவளுக்குக் கோப்பை. ராம்பை அக்கா அதை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கடைசிக் குழி வரை அவள்தான் முன்னால் இருப்பாள். அங்கே வந்ததும் அவள் பந்து இடப்பக்கமாக வளைந்து, தண்ணீரில் போய் விழும். வருடா வருடம் இதே கதை.

"அக்கா அந்தக் குளத்துக்கு வாக்கப்பட்டவங்க" என்பாள் சுமாலி. போன வருடம் கோப்பை வாங்கியவள் அவள். போட்டியை நடத்துகிறவளும் அவள்தான்.

இந்த வருடம் அக்காவின் தலையில் வேறொரு இடி விழுந்தது. விரல் மூட்டுகள் எல்லாம் வீங்கிவிட்டன. மட்டையைப் பிடித்தால் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மடக்கினால் உயிர் போகிற வலி. பயிற்சியின்போது மட்டை கையைவிட்டுப் பறந்தது. மறுநாளே சுமாலி வந்து நின்றாள்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வருஷம் நீங்க மைதானத்துல பப்பாளி சாலட் கடையப் பாத்துக்கங்க. உங்க கையால இடிச்சாத்தான் அதுக்கு ருசியே."

"என்னை ஆட்டத்துலேர்ந்து தூக்கிட்டியா?"

"மட்டை பறந்து எவன் மண்டையிலயாவது விழுந்தா? நீங்களே சொல்லுங்க."

அக்கா மட்டைப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

போட்டிக்கு முதல் நாள் காலை அவள் வீட்டு வாசலில் நான் பச்சைப் பப்பாளியைச் சீவிப் போட, அவள் மிளகாயோடு சேர்த்து உரலில் இடித்துக்கொண்டிருந்தாள். மிளகாய்க் காரத்தில் வந்த கண்ணீரா, மனசு நொந்து வந்த கண்ணீரா, பிரித்துச் சொல்ல முடியாதபடி அழுதுகொண்டே இடித்தாள். சட்டென்று கை நின்றது.

"ஏண்டி, எனக்குக் கை வலிக்கவே இல்லையே!"

"என்னக்கா சொல்றீங்க?"

"கத்தியப் பிடிச்சா வலிக்குது. கரண்டியப் பிடிச்சா வலிக்குது. இந்த உலக்கையப் பிடிச்சா வலிக்கல. பாரு, எவ்வளவு தடிமனா இருக்கு! விரல் முழுசா மடங்கவே வேணாம்."

அடுத்த நிமிடம் மட்டைப் பை வாசலுக்கு வந்துவிட்டது. கோப்பை வாங்கினால் மாட்டலாம் என்று ஆசை ஆசையாக வாங்கி, பெட்டியில் பூட்டி வைத்திருந்த புது ரப்பர் கிரிப்களும், அதாவது மட்டையின் கைப்பிடி உறைகளும், கூடவே வந்தன. பழைய கிரிப்களை நான் அறுத்து உரித்தேன். அவள் கணவர் பிரசொங் வீட்டின் முன்பக்கத்துக் கொட்டகையில் லாரிகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். வண்ணம் படாமல் மறைக்க ஒட்டுகிற காகித டேப் அங்கே சுருள் சுருளாகக் கிடக்கும். அதை எடுத்து, உலக்கைத் தடிமன் வரும்வரை மட்டையின் பிடியில் சுற்றினோம். கிரிப்புக்குள் பெட்ரோல் ஊற்றி வழுக்க வைத்து அக்கா மாட்டப் பார்த்தாள். நுனியில் இருக்கும் சின்ன ஓட்டையை விரலால் அடைக்க மறந்துவிட்டோம். பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு போய் பிரசொங் அண்ணன் சட்டையை நனைத்தது.

"அடிப் பாவி! என்னைக் கொளுத்திட்டு யாரோட வாழப்போற?"

"சிகரெட்ட அந்தப் பக்கம் போடுங்க முதல்ல!"

சிரித்து முடிப்பதற்குள் வினை வந்தது. தடிமனான மட்டையில் கிரிப் பாதி வழியில் இறுகி நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அக்கா வீங்கிய விரல்களால் இழுத்து இழுத்துப் பார்த்து, மட்டையை மடியில் போட்டுக்கொண்டு விம்மினாள்.

"என் விதி இதுதான். விட்டுடுங்க."

பிரசொங் அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்ணம் பீய்ச்சுகிற காற்று இயந்திரத்தின் குழாயை இழுத்து வந்தார். பெட்ரோல் காயும்வரை காத்திருந்து, கிரிப் நுனி ஓட்டையில் குழாயை அழுத்திக் காற்றை விட்டார். ரப்பர் தவளைத் தொண்டைபோல உப்பியது. சிக்கிக்கொண்டிருந்தது தானாக நகர்ந்து, கச்சிதமாக உள்ளே போய் உட்கார்ந்தது! காற்றை நிறுத்தியதும் மட்டையை இறுகக் கவ்விக்கொண்டது.

"பெட்ரோலும் வேணாம், அழுகையும் வேணாம். அடுத்ததக் கொண்டா" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

மறுநாள் பையை நான் தூக்கிக்கொண்டேன். மைதானத்தில் சுமாலி வழிமறித்தாள்.

"என்னக்கா இது? மட்டைன்னு நெனச்சு உலக்கையத் தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அக்காவும் சிரித்தாள்.

"ஒரே ஒரு அடி அடிச்சுக் காட்டறேன். மட்டை பறந்தா நேரா கடைக்குப் போயிடறேன்."

அடித்தாள். மட்டை கையிலேயே இருந்தது. பந்துதான் பறந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

கடைசிக் குழிக்கு வந்தபோது அவளும் சுமாலியும் சமம். முதலில் அடித்த சுமாலியின் பந்து புல்வெளி நடுவில் போய் நின்றது. அக்கா குளத்தைப் பார்த்தாள்.

"குளம் கூப்பிடுதுக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓங்கி அடித்தாள். பந்து எழுந்தது. எப்போதும் இடப்பக்கம் திரும்பத் தொடங்கும் இடத்துக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். 'தொபுக்' என்ற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

கண்ணைத் திறந்தபோது பந்து சுமாலியின் பந்தையும் தாண்டி, நேராக ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டம் தெரிந்த ஒரு பெரிய மனிதர் பிறகு விளக்கினார்: மெல்லிய பிடியில் அவள் மணிக்கட்டு கடைசி நொடியில் சுழன்றுவிடுமாம். அதுதான் இத்தனை வருடமாகப் பந்தை வளைத்திருக்கிறது. தடித்த பிடியில் மணிக்கட்டு சுழல வழியே இல்லை. நொந்துபோன விரல்களுக்காகச் செய்த வைத்தியம், விரல்கள் நன்றாக இருந்தபோதே இருந்த நோயைத் தீர்த்துவிட்டது!

அடுத்த அடியில் பந்து குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அதற்கடுத்த அடியில் உள்ளே விழுந்தது. சுமாலிக்கு ஒரு அடி கூடிப்போனது. பிரசொங் அண்ணன் கட்டிய லுங்கியோடு மைதானத்துக்குள் ஓடி வந்து, எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதார்.

கோப்பையின் காதுகள் மெல்லியவை. அக்காவின் விரல்கள் அவற்றில் நுழையவில்லை. அதனால் அதன் தடித்த கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினாள்.

பரிசு மேடையிலிருந்து இறங்கி வந்தவள் நேராகப் பப்பாளிக் கடைக்குப் போனாள். உலக்கையை எடுத்துச் சுமாலியின் கையில் கொடுத்தாள்.

"இந்தாடி, நல்லா காரமா இடி. எனக்குப் பசி உயிர் போகுது."