டூட்டிங் கூட்டத்தில் தமிழில் பேசினேன்

எண்பதுகளின் கடைசியில், லண்டன் நகரின் டூட்டிங்கில் இருந்த எங்கள் மளிகைக் கடைக் கண்ணாடியை யாரோ மறுபடியும் உடைத்து, கதவில் "உங்கள் நாட்டுக்குப் போங்கள்" என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இப்படிப்பட்ட நிறவெறித் தாக்குதல்களைப் பற்றிப் பேச அந்த வாரம் அயலவர்கள் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். பொலிசாரும் வந்திருந்தனர்.

"நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம். நாங்கள் அகதியாய் வந்த சனம்," என்று என் கணவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

"இதெல்லாம் பொடியன்களின் குறும்பு," என்றார் பொலிஸ் அதிகாரி. பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன். ஆனால் ஆங்கிலம் வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

பக்கத்தில் இருந்த ஜமேக்காப் பெண்மணியை அதற்கு முன் நான் கண்டதில்லை. அவர் என் கையைப் பிடித்து, "உன் மொழியிலேயே சொல். நாங்கள் கேட்கிறோம்," என்று எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்.

"என்ரை பிள்ளை உடைஞ்ச கண்ணாடிக்கு மேலாலை நடந்து பள்ளிக்கூடம் போகுது. இது குறும்போ?" என்று தமிழில் கேட்டேன்.

யார் மொழிபெயர்ப்பது என்று தேடுவதற்குள் கணவரே எழுந்தார். நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தவர், நான் சொல்லாத ஒன்றையும் சேர்த்தார்: "நாங்கள் எங்கேயும் போகப்போவதில்லை."

அதன்பின் ஒவ்வொருவராக எழுந்து தங்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். குறும்பு என்ற சொல்லை அதிகாரி மீண்டும் எடுக்கவில்லை.

பிறகும் ஒருமுறை கண்ணாடி உடைந்தது. பொலிசுக்குப் போன் எடுத்த கணவர், வழக்குப் பதியும்வரை அவர்களை விடவில்லை. அருகில் நின்ற எனக்கும் பயம் வரவில்லை. நம் பேச்சைக் கேட்க நாலு பேர் இருந்தால் எந்த ஊரிலும் நிமிர்ந்து நிற்கலாம் என்று இன்றும் நம்புகிறேன்.