மதில் ஓரத்துச் சம்பா

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை போய்விடும். எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் வயலை ஒட்டித் தொழிற்சாலை மதில் எழுந்த வருஷம், அந்தக் கையால் என் தம்பியின் வலது முழங்கையை உடைத்தேன்.

அப்பா பிரித்துக் கொடுத்த நிலத்தில் மேல்பாதி அவனுக்கு, கீழ்பாதி எனக்கு. இரண்டுமே மதிலை ஒட்டியவை. அவன் வயலைத் தாண்டித்தான் எனக்குத் தண்ணீர் வரும். அந்த வருஷம் அவன் புதிதாக வந்த குட்டை நெல்லை நட்டான். எனக்கும் ஒரு மூட்டை விதை கொண்டுவந்தான். காலால் எட்டி உதைத்தேன். எங்கள் பழைய சம்பாவையே நட்டேன். அவனுக்குத் தொழிற்சாலையிலும் வேலை கிடைத்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

கார்த்திகையில் அவன் வயல் முழுக்கக் கதிர். என் வயலிலும் தூரத்துப் பக்கம் கதிர் தள்ளிவிட்டது. மதில் ஓரம் மட்டும் கரும்பச்சையாக, மாட்டுப்புல் மாதிரி இலையாகவே வளர்ந்துகொண்டு போனது. அவன் மடையிலிருந்து தண்ணீர் முதலில் விழுவதும் அந்த ஓரத்தில்தான். பாவி, எதையோ கலந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். அந்த ஓரம் விளையாவிட்டால் என் பிள்ளைகளுக்கு அரை வருஷச் சோறு இல்லை.

காலையில் மடையருகே நின்றவனை முடியைப் பிடித்துச் சேற்றில் தள்ளினேன்.

"இன்னாண்ணா, நான் இன்னா பண்ணேன்?"

"தண்ணியில இன்னாத்தடா கலந்த?" என்று மண்வெட்டிப் பிடியால் அடித்தேன். முகத்தை மறைத்த கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அதற்குப் பிறகும் இரண்டு அடி போட்டேன். அவன் மனைவி கல்லால் என் நெற்றியைப் பிளந்த பிறகுதான் நிறுத்தினேன்.

கட்டுப்போட்ட தலையோடு, விஷத்துக்குச் சாட்சியாக நாலு பயிரைப் பிடுங்கிக்கொண்டு திருவள்ளூர் விவசாய அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி தண்டை பிளேடால் கீறினார். உள்ளே கதிர்க்கருவே இல்லை, இலைக்குள் இலை.

"விஷமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. பக்கத்துல ராவெல்லாம் எரியற லைட்டு இருக்குதா?"

இருந்தது. மதில் மேல், பெரிய விளக்கு.

ஜீன் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். இப்போது பிள்ளைகள் மரபணு என்கிறார்கள். "இருட்டு நீளமானாத்தான் சம்பாவுல பூக்கச் சொல்ற ஜீன் முழிச்சுக்கும்," என்றார் அவர். "நீ இருட்டைக் கெடுத்தா அது வாயே தெறக்காது. பயிரு இன்னும் நாள் வரலைன்னு எலையா விட்டுக்கினே இருக்கும். குட்டை நெல்லு இருட்டைப் பாக்காது, நாளானா பூத்துடும். உசரமா வளரச் சொல்றதும் இப்படி ஒண்ணுதான். குட்டையில அது ஊமை."

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் அதே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு விளக்கை நொறுக்கப் போனேன். கழுத்தில் கட்டிய துணியில் கையைத் தொங்கவிட்டபடி தம்பி குறுக்கே வந்து நின்றான்.

"நவுருடா! அந்த எழவு லைட்டை நம்ம வயல் பக்கம் திருப்பி வச்ச நாய் எவன்?"

"நான்தாண்ணா," என்றான். "மேஸ்திரிகிட்ட கெஞ்சித் திருப்ப வச்சேன். நீ ராவுல வெறுங்காலோட தண்ணி கட்டப் போற. போன வருசம் பாம்பை மிதிச்சுப் பொழச்சியே, அதான்."

மண்வெட்டி கையிலிருந்து நழுவியது. அவன் கை கடைசிவரை நிமிரவில்லை. தொழிற்சாலை வேலையும் போனது.

அந்த வருஷம் நான் ஒரு பாம்பையும் மிதிக்கவில்லை.