கழுவாத மெஷின்

கையண்ணன் என்று அவருக்குப் பெயர் வைத்தது யுனிவர்சிட்டிப் பிள்ளைகள். கம்ப்யூட்டர் லேபில் பதினாறு வருஷமாக அட்டெண்டர். ஒயர் மாட்டுவார், கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டித் தூசி எடுப்பார், புரொஜக்டர் முரண்டு பிடித்தால் மேஜை மேல் ஏறி அதன் மண்டையில் ஒன்று வைப்பார், எரியும். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவர். இங்கிலீஷில் எழுத்து இருபத்தாறும் தெரியும். சேர்த்து வாசித்தால் பாதி புரியும், மீதியை எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொள்வார். இப்படிப்பட்ட ஆள் கையில் மார்க் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்றால், அது மேடம் செய்த வேலை.

மேடம் நடத்துகிற பாடத்துக்கு டெவாப்ஸ் என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான், விஷயம் சின்னது. ஒருத்தர் எழுதிய புரோகிராம், அவர் பக்கத்தில் இல்லாதபோதும், வேறு ஒருவர் கையில், வேறு ஒரு மெஷினில், அப்படியே ஓட வேண்டும். இதை அரை வருஷம் இழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். கடைசியில் பிள்ளைகள் மூன்று மூன்று பேராக ஒரு புராஜெக்ட் செய்து, திரை போட்டு விளக்கிப் பேசுவார்கள். பேச்சில்தான் எல்லாரும் புலியாயிற்றே. அதனால் மேடம் ஒரு வழக்கம் கொண்டுவந்தார். பேச்சு முடிந்ததும், புராஜெக்டை ஓட்டுவது எப்படி என்று படிப்படியாக எழுதிய தாளை டீம் கையண்ணனிடம் கொடுக்க வேண்டும். அவர் மூன்றாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்து, தாளில் இருப்பதை எழுத்து எழுத்தாக அடிப்பார். டீம் தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்புக்கு அந்தப் பக்கம் கைகட்டி நிற்கும். வாய் திறக்கக் கூடாது. ஓடினால் முப்பது மார்க். சிவப்பு எழுத்து வந்தால் சைபர்.

“அண்ணன் கையில ஓடினாத்தான் ஓடின மாதிரி,” என்பார் மேடம்.

மூன்று வருஷத்தில் கையண்ணன் ஒரு புள்ளியைக்கூட மாற்றி அடித்ததில்லை. புரியாமல் அடிப்பதால் வந்த சுத்தம் அது. புரிந்தவன் அவசரப்படுவான். இவர் எறும்பு மாதிரி ஊர்ந்து போவார்.

இதில் இன்னொரு வேலையும் அவருடையது. ஒரு டீம் முடிந்ததும் மெஷினைக் கழுவ வேண்டும். தண்ணீர் ஊற்றி அல்ல. உள்ளே முந்தின டீம் போட்டதெல்லாம் அழிந்து, புது மெஷின் போல ஆக வேண்டும். ஒரு பட்டனை அமுக்கிவிட்டு இருபது நிமிஷம் காத்திருந்தால் போதும். முடிந்ததும் சுவரில் ஆணியில் தொங்கும் நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். ஆஸ்பத்திரிக் கக்கூஸ் கதவில் ஒட்டியிருக்குமே, அந்த மாதிரி நோட்டு.

அந்த வியாழக்கிழமை வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வந்திருந்தார். பெரிய கம்பெனி ஆள். இரண்டாவது டீம் முடிந்ததும், அந்தக் கையண்ணனை நான் பார்க்கணுமே என்று கேட்டுவிட்டார். மேடம் கூப்பிட்டார். கையண்ணன் ஓடினார். எக்ஸாமினர் எழுந்து நின்று கை கொடுத்தார். எங்கள் கம்பெனியிலேயே இப்படி ஒரு ஆள் கிடையாது என்றார். டீ வந்தது, கையண்ணனுக்கும் ஒரு கப். பதினாறு வருஷம் எத்தனையோ பேருக்கு டீ கொண்டுவந்து கொடுத்த அறையில் அவருக்கு நாற்காலி போட்டு ஒருத்தர் டீ கொடுத்தது அன்றைக்குத்தான். எட்டாவது படித்த கதையை அவர் கேட்க, இவர் சொல்ல, சொல்லும்போதே கொஞ்சம் மெருகு ஏற, இருபது நிமிஷம் போனது தெரியவில்லை.

“அடுத்த டீம்,” என்றார் மேடம்.

கையண்ணன் வந்து மெஷினைப் பார்த்தார். கழுவவில்லை. முந்தின டீமின் ஜன்னல் திரையில் அப்படியே திறந்து கிடந்தது. மூடினார். மூடியாயிற்றே, அப்புறம் என்ன என்று நினைத்தார். நோட்டில் 11.40 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போடும்போது அவருக்கு ஒன்றும் உறுத்தவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். எக்ஸாமினர் கொடுத்த கையின் சூடு இன்னும் இருந்தது.

மூன்றாவது டீமுக்குத் தலைவி ஒரு ஒல்லிப் பெண். அவளுக்கு வேலை ஒன்று ஏற்கெனவே கிடைத்திருந்தது. இந்தப் பாடத்தில் பாஸானால் போய்ச் சேரலாம். ஃபெயிலானால் அரை வருஷம் திரும்ப உட்கார வேண்டும், அந்த வேலை அதுவரை காத்திருக்காது. லேபில் இது எல்லாருக்கும் தெரியும், கையண்ணனுக்கும்.

அவள் தாளில் ஒன்பது படி. ஆறு வரை வெண்ணெயாகப் போயிற்று. ஏழில் சிவப்பு.

அந்த வரியைக் கையண்ணன் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவையில்லை. தெருவில் ஒரு முகத்தைப் பார்த்து இன்னார் என்று தெரிவது போல அந்த வரி அவருக்குத் தெரியும். உள்ளே ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நம்பர் உண்டு, பஸ்ஸில் சீட்டு நம்பர் மாதிரி. இந்த நம்பரில் ஏற்கெனவே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான் என்கிற வரி அது. மெஷின் கழுவாத பழைய நாட்களில் நிறையப் பார்த்திருக்கிறார். உட்கார்ந்திருப்பது யார் என்றும் அவருக்குத் தெரியும். முந்தின டீம். ஜன்னலை மூடினாரே தவிர, ஆளை எழுப்பவில்லை.

அறையின் அந்தக் கோடியில் எக்ஸாமினர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேடம், “என்னண்ணே?” என்றார்.

“சிவப்பு மேடம்.”

வழக்கமாக எழுந்து வந்து பார்ப்பவர். அன்றைக்கு எக்ஸாமினர் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியில் கையண்ணனின் விரல் தானாகப் போய்க் கழுவும் பட்டனை அமுக்கியது. மேடம் எழுந்து வரும்போது திரையில் பாதி அழிந்திருந்தது. அடுத்த டீமுக்கு நேரமாகிறதே என்று அமுக்கிவிட்டேன் என்றார் கையண்ணன். மேடம் தலையாட்டினார். அண்ணன் சொன்னால் சரி.

அப்போதுதான் அந்தப் பெண் டேப்பைத் தாண்டாமல் சொன்னாள். “எங்க மெஷின்ல ஓடுச்சு மேடம்.”

லேபே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. டெவாப்ஸ் படிக்கிற யாரும் சொல்லக் கூடாத ஒரே வாக்கியம் அதுதான்; அடுத்தவர் மெஷினில் ஓட வேண்டும் என்பதுதானே பாடமே. மேடம் அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சிவப்புக் கோடு போட்டு அடித்துச் சுவரிலேயே ஒட்டியிருந்தார். எக்ஸாமினர் சிரித்தார். கையண்ணனும் சிரித்தார். எல்லாரையும்விட ஒரு பிடி சத்தமாக.

வீட்டில் சாப்பிடும்போது அதையே ஜோக்காகச் சொல்லிப் பார்த்தார். அவர் மனைவி சட்டை தைக்கிற கம்பெனியில் செக்கர். தையல் கோணினால், பட்டன் ஆடினால், தள்ளிவிடுகிற வேலை. அவள் சிரிக்கவில்லை.

“ஏங்க, நாங்க ஒரு சட்டையத் தள்ளினா, ஏன் தள்ளினோம்னு சீட்டு எழுதி ஒட்டணும். இல்லன்னா தைச்சவ சண்டைக்கு வருவா. நீங்க என்ன சீட்டு ஒட்டினீங்க?”

“சிவப்பு வந்துச்சு. வேற என்ன?”

“அது சட்டை நல்லால்லன்னு சொல்ற மாதிரி. எங்க நல்லால்ல?”

அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார். என்றைக்கும் இல்லாத வழக்கம். அவள் அதையும் கவனித்தாள்.

மறுநாள் அந்தப் பெண் லேபுக்கு வந்தாள். சண்டைக்கு வந்திருந்தால் கையண்ணனுக்குத் தெம்பாக இருந்திருக்கும். அவள் தாளைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தாள்.

“அண்ணே, இதுல உங்களுக்கு எந்த எடம் குழப்பமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. திருத்திக்கிறோம்.”

“குழப்பமெல்லாம் இல்லம்மா. எழுதினபடிதான் அடிச்சேன்.”

“அது தெரியும்ண்ணே. உங்க கை தப்பாது. மெஷின் கழுவினதா நோட்டுலயும் இருக்கு, பார்த்துட்டேன். அப்ப தப்பு எங்களோடதுதான். ஆனா நேத்துலேர்ந்து பதினாலு தடவ ஓட்டிட்டோம், வேற வேற மெஷின்ல. பதினாலும் ஓடுது. அதான் பயமா இருக்கு.”

அவர் எழுந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த புரொஜக்டரைப் போய்ப் பார்த்தார். அவள் தாளை மடித்துக்கொண்டு, “தொந்தரவு பண்ணிட்டேன்ண்ணே, மன்னிச்சுக்குங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்னிப்பு யார் யாரிடம் கேட்கிறார்கள் பாருங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

திங்கட்கிழமை, தோற்றுப்போன டீம்கள் அறிக்கை வாசிக்கிற நாள். இதுவும் அந்தத் தொழிலின் வழக்கம். என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, இனி நடக்காமல் இருக்க என்ன செய்வோம் என்று எழுத வேண்டும். யார் மேலும் பழி போடக் கூடாது, யார் பெயரும் வரக் கூடாது. அறிக்கை வாசித்ததும் மேடம் மார்க்கை மேலே அனுப்பிவிடுவார். அதன்பின் மாற்ற முடியாது.

கையண்ணன் பின்னால் ரிமோட்டோடு நின்றார். அந்தப் பெண் வாசித்தாள். ஏழாம் படியில் நின்றுபோனது, மெஷின் கழுவப்பட்டிருந்தது, அதற்குக் கையெழுத்து இருக்கிறது. அடித்ததில் தவறு இருக்க வாய்ப்பில்லை. ஆகவே எங்கள் தாளில் எங்களுக்கே தெரியாத குறை இருக்கிறது. எளிய மனிதருக்குப் புரியும்படி எழுத இனிமேல் கற்றுக்கொள்வோம்.

இவ்வளவு நேர்மையான அறிக்கையைத் தான் பார்த்ததில்லை என்று மேடம் சொன்னார். ஆனால் சைபர் சைபர்தான் என்று வருத்தத்தோடு பேனாவை எடுத்தார்.

“மேடம், அந்த மெஷினை நான் கழுவல.”

குரல் தன்னுடையதுதானா என்று கையண்ணனுக்கே சந்தேகம். எல்லாத் தலையும் திரும்பியது. “கையெழுத்துப் போட்டேன். கழுவல. சிவப்பு வந்ததும்தான் கழுவினேன், நீங்க பார்க்கறதுக்கு முன்னாடி. அந்த வரி என்னன்னு எனக்குத் தெரியும். சீட்டுல முந்தின டீம் உட்கார்ந்திருந்துச்சு.”

அந்தப் பெண், கோபமே இல்லாமல், தன் நோட்டைத் திறந்து கேட்டாள். “ஏழுலதானேண்ணே? அப்ப எங்க தாள் சரிதானே?”

“சரிம்மா.”

அவள் கையிலிருந்த அறிக்கையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூடக் கையண்ணன் தாங்கியிருப்பார்.

இப்போதே ஓட்டிப் பார்ப்போம் என்றார் மேடம். கையண்ணன் பட்டனை அமுக்கினார். இருபது நிமிஷம். லேபில் நாற்பது பேர், மின்விசிறிச் சத்தம், திரையில் ஊர்கிற ஒரு கோடு. டீ குடித்தபோது பறந்துபோன அதே இருபது நிமிஷம்தான். பிறகு அடித்தார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இரண்டு இடத்தில் பிசகி, அழித்து அடித்தார். நாலு நிமிஷத்தில் ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள், டீமுக்கு. மேடம் முப்பதைப் போட்டார்.

எல்லாரும் போன பிறகு கையண்ணன் மேடத்தின் மேஜை முன்னால் போய் நின்றார். அறிக்கையில் என் பெயரைப் போட்டு எழுதுங்கள் என்றார். பெயர் போடும் வழக்கமில்லை, மெஷின் கழுவாமல் விடப்பட்டது என்று இருந்தால் போதும் என்றார் மேடம்.

“பொய்க் கையெழுத்து போட்டிருக்கேன் மேடம். அதையாவது எழுதுங்க.”

“எழுதினா என்ன ஆகும்ண்ணே? அடுத்த தடவ தப்பு பண்றவர் வாயே திறக்க மாட்டார்.”

யார் பெயரும் எழுதாத இந்த அறையிலேயே வாய் திறக்க நாலு நாள் ஆகியிருக்கிறது என்று கையண்ணன் நினைத்துக்கொண்டார்.

அன்றைக்கு ராத்திரி மனைவியிடம் முழுதும் சொன்னார். அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, கடைசியில், “ஒரு டீக்காகவா?” என்றாள். அந்த இரண்டு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அறிக்கையின் கடைசியில், இனி நடக்காமல் இருக்க என்ன செய்வோம் என்கிற இடத்தில், அந்தப் பெண்ணின் டீம் ஒரு வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனது. இப்போது ஒரு டீம் முடிந்ததும் மெஷின் தன்னைத் தானே கழுவிக்கொள்கிறது. கழுவி முடிக்காமல் அடுத்த டீமை உள்ளே விடாது. கையெழுத்து தேவையில்லை. நோட்டை எடுத்துவிட்டார்கள், ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது. அவள் போகும்போது கையண்ணனிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் போனாள். வேலையில் சேரும் தேதியையும் சொன்னாள்.

அடுத்த அரை வருஷம் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். பழைய மாணவன் ஒருத்தன் அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, மூன்றாம் நம்பர் மெஷின் முன்னால் நிறுத்தி, “இவர்தான் கையண்ணன். இவர் கை தப்பவே தப்பாது,” என்றான்.

“தப்பும்,” என்றார் கையண்ணன். “ஒரு தடவ தப்பியிருக்கு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அண்ணன் தன்னடக்கமாக ஜோக்கடிக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். அவர் கீபோர்டைக் கவிழ்த்துத் தூசி தட்டத் தொடங்கினார். அன்றைக்குக் காலையில்தான் தட்டியிருந்தார்.