சேராது என்று சொன்ன குரல்

"ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டுங்க, மேடம்."

மாணவிகள் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று கல்லூரியில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். கேட்டேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு நடந்தது இது.

நர்சிங் கடைசி வருடம். மூட்டை தூக்கிப் படிக்க வைத்தார் அப்பா. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கப்போகும் முதல் ஆள் நான். செய்முறைத் தேர்வு ஆன்லைனில். கல்லூரி லேபில் ஒரு பொம்மை நோயாளி படுத்திருக்கும். நான் வீட்டில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அங்கே மேடம் செய்வார். பொம்மைக்குக் குரல் கொடுப்பவர் பக்கத்து அறை டெக்னீஷியன் அண்ணன். ஜலதோஷக் குரலில் "ஐயோ நர்சம்மா, வலிக்குதே" என்பார். சிரிப்பை அடக்குவதே தனிப் பரீட்சை.

மதியம் 2.10. ஊசி போடச் சொல்ல வேண்டிய இடம்.

"அந்த ஊசி வேணாம் பாப்பா... எனக்குச் சேராது."

பெண் குரல்.

நோயாளி விவரம் எழுதிய கேஸ் தாளில் அலர்ஜி எதுவும் இல்லை. திரையில் பொம்மையின் கை மெல்ல எழுந்தது. கழுத்தைச் சொறிந்தது. சர்ர்... சர்ர்...

அதன் நெஞ்சில் மட்டும்தான் மோட்டார். கையில் கிடையாது.

2.12.

"சொன்னேனே... யாருமே கேக்கலையே..."

"நிறுத்துங்க!" ஊசி போடச் சொல்லாமல் கத்திவிட்டேன்.

ஃபெயில்.

மறுநாள் மேடம் அறையில்தான் ரெக்கார்டிங் கேட்டேன். எரிச்சலோடு போட்டார். பொம்மை அசையவில்லை. என் குரல் மட்டும் தனியாகக் கத்தியது.

"நான் பேசலம்மா," என்றார் மேடம் வரவழைத்த அண்ணன். "என் மைக் ரெண்டு மணிக்கே செத்துப்போச்சு."

மேடம் ஒரு தாளை நகர்த்தினார். "பதட்டத்துல உளறிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. மறுபடி பரீட்சை வைக்கறேன். இல்லேன்னா பட்டத்தை மறந்துடு."

"உளறல மேடம். ஊசி சேராதுன்னு ஒரு அம்மா சொன்னாங்க."

அண்ணன் முகம் வெளுத்தது. "மேடம்... அந்த வரியைத்தானே கேஸ்லேர்ந்து நாம எடுத்தோம்?"

"வாயை மூடுங்க!"

அவர் மூடவில்லை. அந்தக் கேஸ் நிஜமாம். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஆஸ்பத்திரியில். சேராது சேராது என்று அந்த அம்மா சொல்லச் சொல்ல ஊசி போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. பாடமாக்கும்போது அவர் சொன்னதை மட்டும் நீக்கிவிட்டார்கள்.

"அவங்க வீட்ல என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"மாரடைப்புன்னு..." அண்ணன் தலைகுனிந்தார். "அவங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கு. தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி தெரு, கடைசி வீடு."

கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடித் தாளின் மேல் வைத்தேன்.

"எங்கடி போறே? பட்டம் வேணாமா?"

கதவைத் திறந்து வெளியே நடந்தேன். தண்ணித்தொட்டிப் பக்கம்.