இரவல் நம்பர்

பன்றித் தலைக்கு முன்னால் மூன்று முறை விழுந்து கும்பிட்டு எழுந்த பிறகுதான், தான் வாங்கியது முழு லாரி இல்லை என்பது பியோ மியோங்க்யூவுக்குத் தெரிய வந்தது.

தென்கொரியாவின் கிம்ஹே ஊருக்கு வெளியே, லாரிகள் நிற்கும் மைதானத்தில், லாரி கைமாறியதற்காகப் பூஜை நடந்தது. வேகவைத்த பன்றித் தலையின் வாயில் ஆளுக்கொரு நோட்டைச் செருகியாயிற்று. நூல் சுற்றிய கருவாட்டை லாரிக்குள்ளே கட்டித் தொங்கவிட்டாயிற்று. கடைசியாக, புது முதலாளி என்ற முறையில், மியோங்க்யூ கிண்ணத்தில் அரிசிக்கள்ளை ஏந்தி ஒவ்வொரு டயருக்கும் ஊற்றிக்கொண்டே லாரியைச் சுற்றி வந்தார். கதவருகே வந்தபோது சின்ன எழுத்தில் ஒரு பெயர் கண்ணில் பட்டது. 'கும்சோங் சரக்குப் போக்குவரத்து, ஜொன்ஜு.' கள் அவர் ஷூவின் மேல் சிந்தியது.

"அண்ணே, இது யாரு பேரு?"

கூட்டாளி மா தொக்சு பன்றிக் காதை மென்றபடியே சொன்னார். "நம்பர் பிளேட்டுக்காரங்க பேரு. வண்டி நம்மளது, நம்பர் அவங்களது."

சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இதுகூடத் தெரியாமலா ஒருத்தன் பங்கு வாங்குவான்?

வாங்கினாரே! இருபத்தைந்து வருஷம் ஒரு பாடநூல் அச்சகத்தில் பொதுநிர்வாகப் பிரிவில் உட்கார்ந்திருந்தவர். பேனா வாங்கக்கூட மூன்று கையெழுத்து கேட்டவர். ஐம்பத்து நாலு வயதில் வேலை போனதும், இரண்டு குளிர்பெட்டி லாரி வைத்து ஆஸ்பத்திரிச் சமையலறைகளுக்குக் கிம்ச்சி ஊறுகாயும் தோஃபுக் கட்டியும் ஏற்றும் தொக்சுவின் கூட்டாளி இடுப்பு விட்டுப்போய் விலகுகிறார் என்று கேள்விப்பட்டார். அந்தப் பங்கை, ஒரு லாரியை, ஓய்வுப் பணம் மொத்தத்தையும் போட்டு வாங்கிவிட்டார். எஞ்சின் எப்படி, டயர் எப்படி, குளிர்பெட்டி எத்தனை வருஷம் தாங்கும் என்று நூறு கேள்வி கேட்டவருக்கு, மஞ்சள் பிளேட் யாருடையது என்று கேட்கத் தோன்றவில்லை.

"மஞ்சப் பிளேட் இல்லாம வாடகைக்குச் சரக்கு ஏத்த முடியாது. புதுசா கேட்டா சர்க்கார் லேசுல குடுக்காது. அதான், இருக்கறவங்ககிட்ட இரவல் வாங்கி ஓட்டறோம்" என்றார் தொக்சு.

"அப்போ ஒப்பந்தம்?"

"ஒப்பந்தமா? பதினஞ்சு வருஷமா கும்சோங் முதலாளி ஓக் ஐயாவும் நானும்தான் ஒப்பந்தம். மாசாமாசம் வாடகை போயிடும். சூசொக் பண்டிகைக்கு ஒரு பெட்டி பேரிக்கா. ஒரு போன். அவ்வளவுதான்." தொக்சு எண்ணெய்க் கையை அவர் தோளில் துடைத்துக்கொண்டே தட்டிக்கொடுத்தார். "முதலாளி, நீங்க எதுவும் பண்ணாதீங்க. அந்த விஷயத்துல எதுவும் பண்ணாம இருக்கறதுதான் உங்க வேலை."

மற்ற வேலைகளை மியோங்க்யூ எப்படியோ கற்றுக்கொண்டார். பெரிய வண்டி லைசென்ஸை மூன்றாவது முயற்சியில் பாஸ் செய்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது வியர்த்துக் கொட்டினாலும் சரியாக நிறுத்தினார். சும்மா இருப்பது மட்டும் அவருக்கு வரவில்லை. காலையில் வண்டியை எடுக்குமுன் பின்பக்கம் போய்க் குனிந்து பிளேட்டைத் தொட்டுப் பார்ப்பார். இருக்கிறது. திருகு இறுக்கமாக இருக்கிறதா? இருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது திடீரென்று கேள்விகள் கிளம்பும். ஓக் ஐயா செத்துப்போனால்? மகன் வந்து பிளேட்டைக் கேட்டால்? பிளேட் போனால் லாரி எதற்கு? ஐந்து டன் எடையில் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு ஃபிரிட்ஜ்!

"அந்தப் பிளேட்டைக் கழட்டித் தலைமாட்டுல வெச்சுகிட்டுத் தூங்குங்களேன்" என்றாள் மனைவி ஜொங்ரான். அவளுக்கும் பயம்தான். ஓய்வுப் பணத்தைத் தொடவேண்டாம் என்று சொன்னவள் அவள். அதைச் சொல்லிக்காட்டாமல் இருந்ததே மியோங்க்யூவை இன்னும் வாட்டியது.

கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். ஓக் ஐயாவுக்குக் கடிதம் எழுதினார். சாதாரணக் கடிதமில்லை. ஒரே மாதிரி மூன்று பிரதி எடுத்து, தபால் ஆபீஸ் ஒப்பிட்டுப் பார்த்துச் சீல் குத்தி, ஒன்றைத் தானே வைத்துக்கொண்டு அனுப்பும் கடிதம். 'மேற்படி பிளேட்டைப் பத்தாண்டுகளுக்குத் திரும்பப் பெறமாட்டோம் என்பதை, இக்கடிதம் கிடைத்த ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் உறுதி செய்யுமாறு...' அச்சகத்தில் காகித வியாபாரிகளுக்கு இப்படி எத்தனை எழுதியிருப்பார்! மரியாதைச் சொற்களுக்குக் குறைவே வைக்கவில்லை. அன்றைக்குத்தான் வெகுநாள் கழித்து நிம்மதியாகத் தூங்கினார். தொக்சுவிடம் சொல்லவில்லை. பதில் வந்ததும் காட்டி அவரை வாயடைக்க வைக்கலாம் என்றிருந்தார்.

நான்காம் நாள், தேகு போகும் வழியில் லாரிகள் நிற்கும் சாப்பாட்டுக் கடையில் இருவரும் உட்கார்ந்திருந்தபோது தொக்சுவின் போன் அடித்தது. அவர் சிரித்த முகத்தோடு எடுத்தார். சிரிப்பு பாதியில் நின்றது. போனிலிருந்து வந்த கிழவரின் கத்தல் எதிரே இருந்த மியோங்க்யூவுக்கே கேட்டது.

"கோர்ட்டுக்குப் போறியாடா? என்மேலயா? ஏழு நாள் கெடுவா எனக்கு?"

"ஐயா, நான் ஒண்ணும்... என்ன லெட்டரு?"

மியோங்க்யூ வாயருகே கொண்டுபோன சூப் கிண்ணத்தைக் குடிக்காமலே கீழே வைத்தார். தொக்சு அந்தக் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். புரிந்துகொண்டார். போன் ஓய்ந்ததும் அதை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"அந்த மாதிரி லெட்டர் எப்போ போடுவாங்க தெரியுமா முதலாளி? கேஸ் போடறதுக்கு முந்தின நாள். ரெண்டு பிளேட்டும் மாசக் கடைசிக்குள்ள வந்து சேரணுமாம். ரெண்டும்."

ரெண்டும். தன் தலையில் மட்டும் மண்ணைப் போட்டுக்கொள்ளவில்லை, தொக்சுவின் தலையிலும் போட்டிருக்கிறோம் என்பது மியோங்க்யூவுக்கு அப்போதுதான் உறைத்தது. "அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றார். தொக்சு மிச்சச் சோற்றைத் தொடாமல் எழுந்து போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பேரிக்காய்ப் பெட்டியோடு ஜொன்ஜு போனார்கள். ஓக் பான்சுல் ஐயா ஆபீஸ் மேஜையில் அந்தக் கடிதம் கண்ணாடிக்கு அடியில் கிடந்தது. இருவரும் தரையில் மண்டியிட்டார்கள். கிழவர் மியோங்க்யூவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தொக்சு, எல்லாருகிட்டயும் எழுதி வாங்குன்னு என் பொண்டாட்டி தலைபாடா அடிச்சுகிட்டா. தொக்சுகிட்ட மட்டும் வேண்டாம்னேன். இந்த லெட்டரை வாங்கினதே அவதான். விழுந்து விழுந்து சிரிச்சாடா."

"தப்புதான் ஐயா. இவரு புதுசு. விவரம் தெரியாது."

"இவருக்கா தெரியாது? சீல் குத்தி அனுப்பத் தெரியுதே!" கிழவர் மூச்சு வாங்கினார். பிறகு இழுப்பறையைத் திறந்து அச்சடித்த தாள்களை எடுத்துப் போட்டார். "எழுத்துல வேணும்னுதானே கேட்டாரு? இந்தாங்க. ஒரு வருஷம். அது முடிஞ்சா, இஷ்டம் இருந்தா மறுபடி குடுப்பேன். இல்லைன்னா பிளேட் எனக்கு. ரெண்டு பேரும் உங்க பேர் முத்திரையைப் போடுங்க."

மியோங்க்யூ தாளை வரி வரியாகப் படித்தார். ஒரு ஓட்டை இல்லை. எல்லாம் கிழவர் பக்கம். தொக்சு படிக்கவே இல்லை. முத்திரை எங்கே போடவேண்டும் என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது தொக்சுதான் ஓட்டினார். எப்போதும் ரேடியோவோடு சேர்ந்து பாடுகிறவர், இன்று ரேடியோவைப் போடவே இல்லை. ஜிரி மலைச் சுரங்கப் பாதைகள் தாண்டிய பிறகு கேட்டார்.

"அடுத்த வருஷம் குடுப்பாரா?"

"குடுப்பாரு அண்ணே."

"அந்தத் தாள்ல அப்படிப் போட்டிருக்கா?"

மியோங்க்யூ மடியிலிருந்த தாளை மறுபடி விரித்துப் பார்த்தார். திட்டியிருந்தால், ரெண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை மியோங்க்யூ மைதானத்துக்குச் சீக்கிரமே வந்தார். அவருக்கு முன்னாலேயே தொக்சு வந்திருந்தார். தன் லாரிக்குப் பின்னால் குனிந்து நின்று, மஞ்சள் பிளேட்டின் திருகுகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.