சாகமாட்டேன் என்ற ஹினேஸ்

ஸ்பெயின் தேசத்துத் தபெர்னாஸ் பொட்டல்காட்டில் ஹினேஸைப் போல அழகாகச் சாகிறவன் எவனும் கிடையாது. குண்டு பட்டதும் கூரையிலிருந்து உருள்வான், குதிரையிலிருந்து சரிவான், தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுவான். கௌபாய் படம் எடுக்க வந்த இத்தாலிக்காரர்கள் அவன் வாசலுக்கே வந்து கூப்பிடுவார்கள். ஒரே படத்தில் தாடியோடு ஒருமுறை, தாடியில்லாமல் ஒருமுறை செத்திருக்கிறான். பார்த்தவன் எவன் கண்டுபிடித்தான்?

ஆனால் போன வருடம் அவன் அப்படி விழுந்துகொண்டிருந்த நாளில்தான் வீட்டில் பெண்டாட்டி எங்கார்னாவுக்குக் கரு கலைந்தது. மறுபடி உண்டானதும் அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"புள்ள பொறக்குற வரைக்கும் நீ சாகக் கூடாது. சினிமாவுலகூட கூடாது. மாதா மேல சத்தியம் பண்ணு."

பண்ணினான். பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டுமே, வயிற்றுப் பிள்ளை ஊருடையதா? நிற்கிற வேடம், நடக்கிற வேடம் என்று ஒப்பேற்றி வந்தான்.

அவளுக்கு வலி கண்ட அன்றைக்குத்தானா கடைசிச் சண்டையை எடுக்க வேண்டும்! மருத்துவச்சி அவனை வீட்டைவிட்டுத் துரத்தினாள், வேலைக்கு வந்தான். கதாநாயகன் சுட்டான். கொள்ளைக்காரர்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். ஹினேஸ் மட்டும் நட்ட மரமாக நின்றான்.

இயக்குநர் ஒத்தாவியோ தொப்பியைத் தரையில் அடித்தார். படத்தில் அவர் தனக்குப் போட்டுக்கொள்வது அமெரிக்கப் பெயர். வாயைத் திறந்தால் அசல் ரோமாபுரி வசவு.

"டேய் ஹினேஸ், உனக்கென்னடா கேடு? என் ஹீரோ குறி தப்பமாட்டான்டா!"

"இன்னைக்குச் சாக முடியாதுங்கய்யா. வீட்ல வலி எடுத்துருக்கு. சத்தியம் பண்ணியிருக்கேன்."

வேறு நாட்டுக்காரராயிருந்தால் அடித்து விரட்டியிருப்பார். இவரோ சட்டென்று பைக்குள் கைவிட்டு இரும்புச் சாவியைத் தொட்டுக்கொண்டார். கண்ணேறு கழிக்க இத்தாலிக்காரர்கள் வழக்கம் அது.

"அடப்பாவி, மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஆனா வெளிச்சம் போறதுக்குள்ள நீ விழணும். இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவேன். அடுத்த படத்துக்கும் அவன்தான்."

மற்றவர்களை எடுத்து முடித்தார்கள். வெயில் மலைப்பக்கம் இறங்கியது. கேமரா ஓடியது, கதாநாயகன் சுட்டான். ஹினேஸ் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். போச்சு, பிழைப்பு போச்சு!

அப்போது பாறை மேலிருந்து மச்சினி ரெமே கத்தினாள். அந்தப் படங்களுக்குக் குரலெல்லாம் பிறகு ரோமில் சேர்ப்பதுதான். எடுக்கும்போது யார் கத்தினாலும் கவலையில்லை.

"மாமா! பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! இனிமே நீங்க சாகலாமாம், அக்கா சொல்லிட்டா!"

கதாநாயகன் மறுபடி சுட்டான். ஹினேஸின் உதடு அசைந்தது. இரண்டு கைகளையும் விரித்து, சரிவின் அடிவரைக்கும் உருண்டான். அப்படியொரு சாவை அந்தப் பொட்டல் பார்த்ததில்லை.

"செத்தவன் சிரிக்கிறானே ஐயா" என்றான் கேமராக்காரன்.

"இருக்கட்டும் விடுடா" என்று ஒத்தாவியோ மூக்கைச் சிந்தினார்.

அடுத்த கோடையில் ஊர்த் திறந்தவெளிக் கொட்டகைக்குப் படம் வந்தது. எங்கார்னா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். திரையில் ஹினேஸின் வாய் அசைந்தது, எவனோ ஒருவனின் கரகரத்த குரல், "உன்ன விடமாட்டேன்டா, நாயே!" என்றது. கொட்டகை விசிலடித்தது. அவள் மட்டும் அந்த உதட்டையே பார்த்தாள்.

"என் பேரத்தானே சொன்ன?"

ஹினேஸ் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினான்.

"பின்ன? சாகுறப்ப வேற எவ பேரச் சொல்லுவேன்?"