சொர்ணத்தின் சந்திரகாந்த மோதிரம்

இன்று தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில், என்னோடு படித்த சொர்ணத்தைப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்ததும் விரலை நீட்டினாள். அவள் புருஷன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த சந்திரகாந்தக் கல் மோதிரம்.

என் வீட்டுக்காரரும் கொழும்புக்குப் போய்த்தான் வந்தார். எனக்கு வந்தது சோப்பு.

"ஏட்டி, இது வெறும் கண்ணாடின்னு எங்க அத்தை சொல்லுதாவ. உங்க அப்பா கல் வியாபாரிதானே, நீ பார்த்துச் சொல்லு" என்றாள்.

கண்ணாடியாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் கையில் வாங்கினேன்.

மேலகரத்தில் கரி போட பஸ் நின்றது. கல்லை வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியென்றால் எப்படித் திருப்பினாலும் ஒரே வெளுப்புதான். இதிலோ உள்ளிருந்து ஒரு நீல ஒளி மெல்ல நகர்ந்தது, மறைந்தது, மறுபடி வந்தது.

'கண்ணாடிதான்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"நெசக் கல்லுதாம்ட்டி. உங்க அத்தைகிட்ட தைரியமா சொல்லு" என்றேன்.

சந்தோஷம் தாங்காமல், "நீயும் போட்டுப் பாரேன்" என்று என் விரலில் மாட்டிவிட்டாள். எனக்கே அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

குற்றாலம் வரும்வரை நான் கழற்றவில்லை. நீங்களாக இருந்தால் உடனே கழற்றியிருப்பீர்களோ? சொல்லுங்கள், கேட்போம்.